போரிற் பட்டாரும் இருப்பார் கடனும்

உடலெடுத்த உயிர்கள் யாவும் ஒருநாள் அவ்வுடலை விட்டு நீங்குதல் ஒருதலை. நோயான் நீங்குவாரும் மூப்பான் நீங்குவாரும் உளர். போர்க்களத்து நீங்குவாரும் உளர். முன்னையோரை இழந்த குடும்பத்தார், மருங்கிருந்து வாய்க்கு நீர்வார்த்து, ஈமக்கடன் முடித்து, இறந்த திதியை அறிந்து ஆண்டுதோறும் கடன் செலுத்துவர். போரில் மகனை இழந்த குடும்பத்திற்கு அவ்வாய்ப்பு அரிது. உடல் எங்கே வீழ்ந்தது, எந்நாளில் உயிர் பிரிந்தது, எரித்தவர் யார், புதைத்தவர் யார் என்பன அறியாது, அஞ்சலில் வந்த ஒரு தாளையே மகனாக எண்ணி வைத்துக்கொண்ட தாயர் பலர். இத்தகையார் பொருட்டு இருப்பார் செலுத்தற்குரிய கடன் யாது? அக்கடன் இறந்தாரைச் சென்று சேருமோ? போர் கொலைத்தொழிலாக இருப்ப, அதில் மாய்ந்தாரை நினைந்து போற்றுதல் கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொள்ளும் சைவர்க்குத் தகுமோ? இம்மூன்று வினாக்களும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலம் பாலாற்றங்கரையிலுள்ள வேலூரும் ஆம்பூருமாம். இப்பகுதி இக்காலத்துத் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றது. அதனினும் பழமையானது, போரிற் பட்டாரை நினைந்து இந்நிலத்தார் நாட்டிய கற்களின் வரலாறு.

ஆம்பூரில் நடுகற்கள் இரண்டு உள. அவை பல்லவ வேந்தனாகிய நிருபதுங்கனது 26-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழுந்தன. அக்காலத்து ஆமையூர் என வழங்கிய இவ்வூரின்மேல் நுளம்பன் படை ஆநிரை கவர வந்தபோது, நிரையை மீட்கப் பொருது மாண்ட வீரர்க்கு அவை நாட்டப்பெற்றன. மாண்டவன் எவனுடைய மகன், எவருக்குச் சேவகன், எதன்பொருட்டு மாண்டான் என்பனவற்றைக் கல் கூறும். வெட்சி மறவர் கவர்ந்த நிரையைக் கரந்தை மறவர் மீட்டலும், மீட்டு வீழ்ந்தாற்குக் கல் கண்டு, நாட்கொண்டு, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துதலும் தொல்காப்பியப் புறத்திணையியலுள் வகுக்கப்பட்டன. நூலில் வகுத்த அம்முறைக்கு ஆம்பூர்க் கற்கள் கண்கூடான சான்றாதல் காண்க.

இனி, வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மணிக்கூண்டு உளது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் துறந்தனர் என்றும் அதிற் பதித்த கல் கூறுகின்றது. வேலூரையடுத்த கம்மவான்பேட்டை என்னும் சிற்றூர், வீடுதோறும் படைக்கு ஆள் அனுப்பி வருதலின் 'ராணுவப்பேட்டை' எனவே வழங்கப்பெறுகின்றது. ஆயிரம் ஆண்டு இடையிட்ட இக்கற்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். நடுகல் ஆளைச் சொல்லிற்று. மணிக்கூண்டுக் கல் எண்ணைச் சொல்லிற்று. 14 என்பது எண். அப்பதினால்வரும் தம் வீட்டில் எண்ணாக இருந்தாரல்லர். ஒருத்திக்கு மகனாகவும், ஒருத்திக்குக் கணவனாகவும், ஒரு சிறுவனுக்குத் தந்தையாகவும் இருந்தனர்.

இவ்வேறுபாடு வேலூர்க்கு மட்டும் உரியதன்று. அப்பெரும்போரிற் பாரத நாட்டினின்று பதின்மூன்று இலக்கத்துக்கு மேற்பட்டார் கடல் கடந்து சென்றனர். 74,000 பேர் மாண்டனர். மெசபொட்டேமியக் களத்தில் வீழ்ந்தார்க்குப் பாஸ்ரா நகரில் எடுத்த நினைவு மண்டபத்தில், ஆங்கிலப் படைஞர்க்கும் பாரத அதிகாரிகட்கும் பெயர் பொறித்தனர். பாரத நாட்டுச் சாதாரணப் படைஞரை எத்தனை பேர் என்னும் எண்ணால் மட்டும் குறித்தனர். பிரித்தானியப் பேரரசின்கீழ்ப் போரிட்ட ஆசிய ஆப்பிரிக்க மக்களுட் பல்லாயிரவர்க்கு இவ்வாறு சமமான நினைவுச் சிறப்புக் கிட்டாமற்போனதனை, அப்பணிக்குரிய ஆணையமே 2021-ஆம் ஆண்டு ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஒரு நூற்றாண்டு கழித்துச் செய்த ஒப்புதலாயினும் அது நன்றே. எனினும் பெயர் எழுதுவதால் மட்டும் கடன் தீருமோ என்பது ஆராயற்பாலது.

ஈண்டு ஒரு தடை நிகழும். உயிர் தன் வினைக்கேற்ற உடலை எடுத்துச் சென்றுவிட்டது. அரவு தோலுரித்தாற்போல உயிர் பழைய உடலை நீத்துச் செல்லும் என மெய்கண்ட தேவர் உவமை காட்டினார். தோலை உரித்துப் போன அரவு, உரித்த தோலுக்கு ஒருவர் செய்யும் சிறப்பை அறியுமோ? அறியாதன்றே. அவ்வாறே முன்னை உடலோடு கூடிய பெயரை எழுதுதலும், அப்பெயர் சொல்லி நீரும் பிண்டமும் அளித்தலும், விளக்கேற்றுதலும் இறந்த உயிரைச் சென்று சாரா. ஒருவன் செய்த வினை அவனையே சாரும் என்பது சித்தாந்தமாகலின், மற்றொருவன் செய்யும் கடனால் இறந்தவன் பயன் பெறுதல் யாங்ஙனம்? என்பது தடை.

இதற்கு விடை: வினை சடப்பொருள். அது தானே தன்னைச் செய்தானை அறிந்து சென்று பற்றாது. செய்தானை அறிந்து பயனைக் கூட்டுவான் முதல்வன் ஒருவனே. இது சித்தாந்தத்தின் உயிர்நிலையான கொள்கை. தன் வினைப்பயனும் முதல்வன் வழியாகவே உயிரை வந்தடையுமாயின், பிறர் அன்பினாற் செய்யும் கடனும் அவன் வழியாகவே சென்றடைதற்குத் தடை என்னை? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாருள் இதனை நன்கு விளக்கினார். எத்தெய்வத்தை முன்வைத்து வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் தருவான் சிவபெருமானே என்றும், பிற தெய்வங்கள் பிறந்திறந்து வினைக்குட்படுவனவாகலின் அவை தாமே பயன் தரவல்லன அல்ல என்றும் அவர் அருளிச்செய்தார். இறந்தார்க்குச் செய்யும் கடனுக்கும் இதுவே நியாயம். மகன் தன் தந்தையை நினைந்து நீர் வார்க்கின்றான். தந்தையின் உயிர் இப்போது எவ்வுடலில் உளது என்பதை அவன் அறியான்; அறிதல் வேண்டுவதும் இல்லை. அவன் அறியாததை அறிவான் ஒருவன் உளன். கொடுப்பான் கையினின்று வாங்கிப் பெறுவான்பாற் சேர்ப்பவன் அவனே.

இக்கருத்தால், போரில் மாண்டாரைப் பற்றிய பெருந்துயர் ஒன்று நீங்குகின்றது. உடல் கிடைக்கவில்லை, நாள் தெரியவில்லை என்று கலங்கும் குடும்பத்தார்க்கு முன்னையோர் வழி வகுத்து வைத்தனர். உடல் கிட்டாதார்க்குத் தர்ப்பையால் உருவமைத்து எரிக்கும் முறை உண்டு. திதி தெரியாதார்க்கு அமாவாசை உண்டு. ஆயுதத்தால் மாண்டார்க்கென்றே புரட்டாசி மாளய பட்சத்துச் சதுர்த்தசியைத் தனியே குறித்தனர். ஆண்டில் ஒரு நாளைப் படைக்கலத்தால் மாண்டார்க்கென ஒதுக்கிவைத்த பெரியோர், அவ்வுயிர்களின் இறுதி எத்துணைத் துணையற்றது என்பதை உணர்ந்தே ஒதுக்கினர் என்பது துணிபு. உருவமும் நாளும் இல்லாதவிடத்தும் கடன் செல்லுமெனில், அது செல்வது உருவத்தாலும் நாளாலும் அன்று. முதல்வனது அறிவினாலும் அருளினாலும் என்பது பெறப்படும். ஊர்க் கல்லில் ஏறாத பெயரும் அவனறிவில் ஏறியே உளது. ஆயின் கல்லில் எழுதுதல் எற்றுக்கெனின், அது மறக்குமியல்புடைய இருப்பார் பொருட்டு, மறவாதான் பொருட்டன்று.

இனி இரண்டாவது தடை வலியது. போரில் மாண்டான் மாளுமுன் பிறரைக் கொன்றிருப்பான், கொலை பெரும்பாவம், அதனைச் செய்தானை நினைந்து போற்றுதல் பாவத்தைப் போற்றுதலாகாதோ என்பது. அதிலும் பெரும்போருக்குச் சென்றார் தம் நாடு காக்கச் சென்றாரல்லர். வேற்றரசர்க்காகக் கூலி பெற்றுச் சென்றார். அவர்க்குச் சிறப்பு யாது என்பாரும் உளர்.

இதற்கு அறுபான்மும்மை நாயன்மார் வரலாற்றில் விடை உளது. திருநீடூரில் முனையடுவார் நாயனார் என்பார் ஒருவர் இருந்தார். போரில் தோற்று வந்து பொருள் கொடுத்து உதவி வேண்டுவார்க்கு, நடுவுநிலை ஆய்ந்து, அவர்பொருட்டுப் போர்முனை சென்று வென்று கொடுப்பது அவர் தொழில். கூலிப்போரே எனினும் பெற்ற பொருளை அவர் தம் இன்பத்துக்குச் செலவிடாது அடியார்க்கு அமுதூட்டினார். தொழில் ஒன்றேயாயினும் நோக்கம் வேறாயின் வினை வேறாம் என்பது இதனால் விளங்கும். 1914-இல் வேலூரினின்று கப்பலேறியவருள் வீட்டாரின் பசி தீர்க்கச் சென்றாரும், பட்ட கடனை அடைக்கச் சென்றாரும், கொடுத்த சொல்லுக்காகச் சென்றாரும் இருந்திருப்பர். அவரவர் நோக்கத்தை அளந்தறியும் துலாக்கோல் மக்கள் கையில் இல்லை. அளந்தறிவான் அளந்துகொள்வான், நினைத்தலே இருப்பார்க்கு உரியது.

அன்றியும், போர்வினை போர்க்களத்து நின்றார்க்கு மட்டும் உரியதன்று. அப்பெரும்போரின்போது படைஞர் பூட்ஸ்களுக்கு வேண்டிய மேல்தோலுக்காக, சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோல்களை ஆங்கிலப் போர்த்துறை பெருவாரியாகக் கொண்டது. 1916-ஆம் ஆண்டு அவ்வணிகத்தையே அரசு தன் கட்டுப்பாட்டிற் கொணர்ந்தது. பாலாற்றுத் தோல் மண்டிகளும் பதனிடும் சாலைகளும் அவ்வணிகத்துட் பட்டனவே. இங்குப் பதமான தோல், கண்ணாற் காணாத நாட்டிற் காலணியாகிக் களத்தை மிதித்தது. செய்தானும் செய்வித்தானும் உடன்பட்டானும் வினையிற் பங்குடையர் என்பது அறநூற் கொள்கை. அங்ஙனமாகக் களத்தில் மாண்டான் ஒருவன்மேற் பாவம் முழுதும் ஏற்றி, வீட்டிலிருந்து ஊதியம் கண்டாரும், வரி செலுத்தினாரும், வெற்றிச் செய்தி கேட்டு மகிழ்ந்தாரும் தம்மைத் தூயர் எனக் கருதுதல் நேரிதன்று. பட்டாரை நினைத்தல் அவரது கொலையைப் போற்றுதல் அன்று. அவர் சுமந்த சுமையில் தம் பங்கு உண்டென ஒப்புதலேயாம். ஆகவே அது புகழ்ச்சியன்று, கடன் எனப்பட்டது.

கடன் என்பதை மறந்து புகழ்ச்சி எனக் கொள்ளின் நேரும் கேடு யாதெனின், நினைவு ஒருபாற் கோடிவிடும். வென்றாரைப் பாடித் தோற்றாரை மறத்தலும், தம்மவரை எழுதிப் பிறரை அழித்தலும் நிகழும். இதற்கு வேலூர்க் கோட்டையே சான்று.

1805-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக், சிப்பாய்கள் நெற்றியிற் சமயக்குறி அணிதலாகாது, தாடி மழித்தல் வேண்டும், தோற்குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை அணிதல் வேண்டும் என ஆணையிட்டார். திருநீறும் திருநாமமும் அணிவார்க்கும், தாடி வளர்க்கும் இசுலாமியர்க்கும் அவ்வாணை பொறுக்கலாகாததாயிற்று. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியற்கு முன்னர்க் கோட்டையுட் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, 69-ஆம் படைப்பிரிவைச் சார்ந்த ஆங்கிலேயரை உறங்குமிடத்தே தாக்கினர். நோயாளிகளும் தப்பவில்லை. ஆங்கிலேயருள் நூற்றுக்கு மேற்பட்டார் மாண்டனர். ஆர்க்காட்டினின்று விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை, முற்பகலுக்குள் கோட்டையை மீட்டது. அரண்மனையுட் புகலடைந்திருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை வெளிக்கொணர்ந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். மொத்தம் ஏறத்தாழ 350 சிப்பாய்கள் மாண்டிருப்பர் எனக் கணிப்பர். பின்னர் விசாரணையில் தண்டம் பெற்றாருட் சிலர் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டனர். கிளர்ச்சியிற் சேர்ந்த சென்னைப் படைப்பிரிவு மூன்றும் கலைக்கப்பட்டன. வெறுக்கப்பட்ட ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவரும் திருப்பியழைக்கப்பட்டனர்.

மாண்ட ஆங்கிலேயர்க்குக் கோட்டைக்கு எதிரே கல்லறை எழுந்தது. மாண்ட சிப்பாய்கட்கோ நெடுங்காலம் ஒரு கல்லும் இல்லை. 1998-ஆம் ஆண்டிலேதான் வேலூரில் அவர்க்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது; 2006-ஆம் ஆண்டு இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல்தலை வெளிவந்தது. அந்நாளிற் கோட்டையுள்ளிருந்த சலகண்டேசுவரர் திருக்கோயிலும் மூலத்திருமேனி இன்றியே இருந்தது. இறைவன் திருமேனி சத்துவாச்சாரியில் வைக்கப்பெற்றிருந்து, 1981-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயே மீளக் கோயிலுள் எழுந்தருள்விக்கப்பட்டது. நெற்றித் திருநீற்றுக்குத் தடை வந்ததெனக் கிளர்ந்தாருட் பலர், இறைவன் எழுந்தருளாத கோயிலின் அருகே மாண்டனர் என்பதை எண்ணுவார் நெஞ்சு உருகாதிராது.

சிப்பாய்கள் மறக்கப்பட்டது அநீதி, அதில் ஐயமில்லை. ஆயின் அவ்வநீதி தீர்ந்தபின், தூணை வணங்குவார் கல்லறையை இகழ்ந்து கடப்பதே முறை என்று கொண்டால், முன்னைய அநீதி திசைமாறி நின்றதேயன்றி ஒழிந்ததன்று. உறக்கத்திற் கொலையுண்ட ஆங்கிலப் படைஞன், ஆணை பிறப்பித்தவனல்லன். அவனும் ஒருத்தி மகனே. இதனைச் சைவர்க்குக் கற்பித்தவர் புகழ்ச்சோழ நாயனார். திறை செலுத்தாத அதிகன்மேற் சென்ற அவரது படை வென்று மீண்டு, வெட்டுண்ட தலைகளைக் குவித்தது. வெற்றியைக் கண்டு மகிழவேண்டிய வேந்தர், அத்தலைகளுள் ஒன்றிற் சடைமுடி கண்டார். பகைவன் தலை என்று அவர் அதனைத் தள்ளவில்லை. போரில் இஃது இயல்பு என்று ஆறுதல் கொள்ளவுமில்லை. படைஞர்மேற் பழியை வைக்கவுமில்லை. தம் ஆட்சியில் நிகழ்ந்த பழி தம்மதே என ஏற்று, மைந்தனுக்கு முடிசூட்டி, திருநீறு அணிந்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தி எரியிற் புகுந்தார். ஏவினான் தன்மேற் பழி கொண்டதற்கு இதனினும் உயர்ந்த சான்று காண்டல் அரிது.

ஏனாதிநாத நாயனார் வரலாறும் இதற்குத் துணை. பகைவனாகிய அதிசூரன் வஞ்சனையால் நெற்றியில் நீறணிந்து எதிர்நின்றபோது, நாயனார் அந்நீற்றுக்கு அஞ்சிப் போரொழிந்தார். எனினும் வாளையும் பலகையையும் கீழே எறிந்தாரல்லர். எறியின், படைக்கலமில்லாதானைக் கொன்ற பழி பகைவனைச் சாருமென்று கருதி, பொருவார் போலவே நின்று மாண்டார். தம்மைக் கொல்வானது வினை பெருகாதிருக்கவேண்டும் என்று கருதிய அவ்வுள்ளம் எத்தகையது! கொல்வானிடத்தும் அவ்வருள் கூடுமெனில், நூறு இருநூறு ஆண்டுகட்கு முன் மாண்ட பகைவரிடத்து அது கூடாதென்பார் யாவர்?

வேறு சமயத்தார்க்குச் சைவர் கடன் செலுத்துதல் பொருந்துமோ எனின், பொருந்தும். 1806-இல் மாண்டாருள் இசுலாமியரும் இருந்தனர், கிறித்தவரும் இருந்தனர், சைவ வைணவரும் இருந்தனர். யாதொரு தெய்வத்தை வழிபடினும் அங்கே நின்று ஏற்பவன் ஒருவனே என்னும் சித்தியார் நெறியை ஒப்பினார்க்கு, அவரவர் மரபிற் செய்யும் கடன் யாவும் அவ்வொருவன்பாலே சென்று சேரும் என்பதையும் ஒப்புதல் கடனாம். ஓர் உயிரைத் தனது, பிறனது எனப் பிரித்து நினைப்பது ஆணவத்தின் செயல். உயிர்கள் யாவும் பதிக்கு அடிமை எனக் காண்பது ஞானத்தின் செயல்.

ஆகவே தேறிய பொருள் இது. போரிற் பட்டாரை நினைத்தல் தகும். அது வினைக்கொள்கையொடு முரணாது. முதல்வன் வழியாக அது பயன் தரும். ஆயின் அந்நினைவு வெற்றிப் பெருமிதமாகாது கடனாக இருத்தல் வேண்டும். எண்ணோடு அமையாது ஆளை நினைத்தல் வேண்டும். தம்மவரோடு நில்லாது எதிர்நின்று மாண்டாரையும் தழுவுதல் வேண்டும். அவர் சுமந்த வினையில் இருப்பாரது பங்கையும் ஒப்புதல் வேண்டும்.

இதனைச் செய்தற்குப் பெரும்பொருள் வேண்டா. படைக்குச் சென்று மீளாதார் உள்ள குடும்பத்தார், அவர் பெயரையும் ஊரையும் அறிந்த அளவில் எழுதி வைத்துப் பிள்ளைகட்குச் சொல்லுக. மாளய சதுர்த்தசியன்று தம்மவர் பெயர் சொல்லி நீர் வார்ப்பார், பெயர் அறியப்படாதார் அனைவரையும் ஒருங்கு நினைந்து ஒரு கை நீர் கூட வார்க்க. திருக்கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுவார், இருபாலும் மாண்டார் பொருட்டு என உளங்கொண்டு ஏற்றுக. கோட்டைக்குச் செல்வார் தூணின்முன் நின்ற அளவு கல்லறையின்முன்னும் நிற்க. நாட்டிய கற்கள் காலத்தால் தேயினும், பெயர் எழுதாத கற்கள் பெயரின்றியே நிற்பினும், இருவினையும் அறிந்து ஊட்டி, இருபாலார்க்கும் வீடருளும் பெருமான் திருவடி நிழலில் அவ்வுயிர்கள் யாவும் இளைப்பாறுக.

திருச்சிற்றம்பலம்.